வரத்துக்கால் மண்டபம்

கூத்தனேந்தலுக்கு 'வளர்ச்சிக் கூட்டுறவு' வருகிறது என்று தை மாதம் மைக்கில் சொன்னதுமே, ஊரில் பாதிப் பேர் சொசைட்டி புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு சமுதாயக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கூட்டுறவு என்றால் உரம். அதற்கு வேறொரு அர்த்தம் உலகத்தில் இருப்பதாக அதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. பால்ச்சாமி இரண்டு காலிச் சாக்குகளை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வந்தவை மூன்று வெள்ளைக் கார்கள். இறங்கியவர்கள் கையில் உரமும் இல்லை, விதையும் இல்லை. ஒரு பேனர் இருந்தது. 'சர்வதேச வளர்ச்சிக் கூட்டுறவையும் பன்னாட்டு நிறுவனங்களையும் சீர்திருத்துவதற்கான உலக ஆணையம்: அடித்தட்டுக் குரல் கேட்பு அமர்வு' என்று அதில் எழுதியிருந்தது. பேனர் சமுதாயக்கூடத்தைவிட நீளம். கட்டி முடித்தபோது கடைசி இரண்டு சொற்கள் தூணைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டன. 'அடித்தட்டுக் குரல்' வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கேட்பைக் காணோம்.

"அடித்தட்டுன்னா என்னா மாப்ள?" என்று பால்ச்சாமி பக்கத்திலிருந்த மதார் மைதீனிடம் கேட்டார். மைதீன் துபாயில் பதினாறு வருசம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, திருச்சுழி ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கண்மாயின் கடைமடையில் முக்கால் ஏக்கரும் உண்டு.

"நாமதான் மாமா. மேல்தட்டுல பிரியாணி, நடுத்தட்டுல குஸ்கா, அடித்தட்டுல தீஞ்சது."

பால்ச்சாமியின் மனைவி முருகலட்சுமியை மட்டும் மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் கண்மாய்ப் பாசன சங்கத் தலைவி. அந்தப் பதவிக்கு நான்கு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மற்ற மூவரும் வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் நான்கு பேரும் ஒற்றுமையாக இருந்ததால் அவள் தலைவியானாள். அன்றைக்கு ஊர் முன்னால் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தாள். "வரத்துக்கால்ல தண்ணி ஓடும். ஓடலைன்னா மறுபடி இந்த நாற்காலியில உக்கார மாட்டேன்." வருகிற மழைக்காலத்தோடு அவள் காலம் முடிகிறது.

கூத்தனேந்தல் கண்மாய் தன் தலையில் பெய்கிற மழையால் நிறைகிற கண்மாய் இல்லை. மேலக்கண்மாய் நிறைந்து, அதன் கலுங்கைத் தாண்டி வழிகிற தண்ணீர் இரண்டு மைல் கால்வாயில் இறங்கி வந்தால்தான் இதற்குத் தண்ணீர். அந்தக் கால்வாய்தான் வரத்துக்கால். வரத்து இருந்தால் நூற்று நாற்பது ஏக்கரில் நெல்லும் மிளகாயும் விளையும். வரத்து இல்லாவிட்டால் கண்மாய்க்குள் கிரிக்கெட் நடக்கும். ஏழு வருசமாகக் கிரிக்கெட்தான். கால்வாய் மண்மேடாகி, சீமைக்கருவை மண்டி, ஆடுகூட நுழைய யோசிக்கிற இடமாகிவிட்டது. போன இரண்டு ஐப்பசியிலும் மேலக்கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்தது. தண்ணீர் பாதி வழி வந்து கருவைக்குள் நுழைந்து வழி தெரியாமல் போயிற்று. முருகலட்சுமி கொடுத்த மனுக்கள் எல்லாம் எங்கேயோ நனையாமல் பத்திரமாக இருந்தன.

இந்த முறை அவளுக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் ஆணையம் இல்லை. ஆணையத்தின் கள ஒருங்கிணைப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் ராம்குமார். அவளுடைய அண்ணன் மகன். அவள் வீட்டிலிருந்துதான் ஐந்து வருசம் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் படித்தான். இந்தக் கண்மாயில்தான் நீச்சல் பழகினான். மடைச் சுவரிலிருந்து தலைகீழாகக் குதித்து மண்டையை உடைத்துக்கொண்ட தழும்பு, இப்போது ஜெல் தடவி வாரிய முடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நம்ம சொல்லு நம்ம வீட்டுப் பிள்ளை வாய் வழியாப் போகுது; சிந்தாது, சிதறாது என்று அவள் நினைத்தாள்.

ஆணையத்தின் தலைமை உறுப்பினர் இங்கிரிட் என்கிற அம்மாள். நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ஒரு கருவை முள் இருந்தது. முகத்தைச் சுளிக்காமல் பிடுங்கி எடுத்து, அதையும் ஒரு குறிப்புப் போலப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். ஊருக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் பேசியதை ராம்குமார் தமிழில் சொன்னான்:

"இத்தனை வருசமா உலகத்துல உதவிங்கிறது மேலேருந்து கீழே வந்துக்கிட்டிருந்தது. அது தப்புன்னு இப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அதை மாத்தப் போறோம். இனிமே எல்லாமே கீழேருந்து மேல போகும். நீங்க எல்லாரும் பங்குதாரர்கள்."

"எதுல பங்கு?" என்றார் பால்ச்சாமி.

"செயல்முறையில மாமா."

பால்ச்சாமி சாக்கை இன்னொரு மடிப்பு மடித்தார்.

பேசுவதற்கு முன்னால், வந்தவர்கள் வெயிலில் வாடியிருக்கிறார்களே என்று முருகலட்சுமி மதார் மைதீனைப் பார்த்து, "தம்பி, கடையிலருந்து கலர் சோடா எடுத்துட்டு வாங்களேன்" என்று அனுப்பினாள். இதைப் பின்னால் பல தடவை நினைத்து நொந்துகொண்டாள். இங்கிலீஷ் புரிகிற ஒரே ஆளை அவளே வெளியே அனுப்பிவைத்தாள்.

மைக்கைப் பிடித்து அவள் சொன்னது நான்கே வாக்கியம். கடைசி இரண்டும் இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தவை.

"மேடம், மேலேருந்து கீழே வர்றது தப்புங்கிறீக. எங்க ஊருல மேலேருந்து கீழே வந்தாத்தான் பொழப்பு. எங்களுக்கு வரத்து இல்ல, வரத்து வேணும். முதல்ல வரத்து, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிருவோம்."

ராம்குமார் ஒரு கணம் அத்தையைப் பார்த்தான். பிறகு இங்கிரிட் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னான். அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. இங்கிலீஷுன்னா அப்படித்தான் இருக்கும் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். இங்கிரிட் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து முருகலட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கால்வாய்க்காக அழுத முதல் அதிகாரியை முருகலட்சுமி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பதினைந்து நாள் கழித்து ராம்குமார் ஒரு படிவம் கொண்டு வந்தான். எல்லாம் இங்கிலீஷ்.

"வரத்து எந்த இடத்துல வேணும்னு கேட்டிருக்காங்க அத்த."

"இதென்னடா கேள்வி? வரத்துக்கால்லதான்."

"சர்வே நம்பர்?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவளுக்கு அந்த நம்பர் தெரியும். சொன்னாள். மு. முருகலட்சுமி என்று எழுத்துக் கூட்டி, புள்ளி தவறாமல் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கோழி அடித்தாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் வரத்துக்காலில் ஜேசிபி இறங்கியது.

ஊர் திரண்டு கரையில் நின்றது. ஏழு வருசக் கருவை வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து பாசன சங்க உறுப்பினர் முத்துத்தாய்தான் முதலில் குலவை போட்டாள். பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜேசிபி ஓட்டி வந்த ஆள் தென்காசிப் பக்கம். தனக்கு எதற்குக் குலவை என்று புரியாமல் வண்டியை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான். அவனுக்குக் கறிச்சோறு வந்தது. பால்ச்சாமி மறுநாளே அருப்புக்கோட்டைக்குப் போய் மிளகாய் விதை விசாரித்துவிட்டு வந்தார். தலைவி பதவிக்குப் போட்டியிட்ட நான்கு பேரில் ஒருவரான சீனிச்சாமி, "பொம்பளைன்னு நெனச்சோம், சாதிச்சுப்புட்டா" என்று டீக்கடையில் தன் வாயால் சொன்னார்.

தண்ணீர் வழக்கமாக வழி தவறுகிற அந்தப் பாதி வழியில் ஜேசிபி அறுபதடி நீளத்துக்குச் சுத்தம் செய்தது. அதோடு நின்றது. மூன்றாம் நாள் கால்வாயின் நட்டநடுவில் குழி தோண்டியது. சதுரக் குழி. ஒன்று, இரண்டு, பன்னிரண்டு குழிகள்.

"கால்வாய்க்கு எதுக்குங்க பில்லர்?" என்று முருகலட்சுமி கரையிலிருந்து இறங்கிப் போய்க் கேட்டாள்.

கான்ட்ராக்டரின் ஆள் வரைபடத்தை விரித்தான். "கால்வாயா? மண்டபம்மா. வருகை மண்டபம். நீங்க கேட்டதுதான?"

"நான் கேட்டனா?"

அவன் பையிலிருந்து நகல் ஒன்றை எடுத்துக் காட்டினான். அடியில் அவள் கையெழுத்து. புள்ளி தவறாமல் இருந்தது.

அந்தத் தாளோடு ஒரு புத்தகமும் அவனிடம் இருந்தது. வழவழவென்று எண்பத்து நாலு பக்கம். அட்டையில் ஆணையத்தின் சின்னம். உள்ளே முப்பத்தோராம் பக்கத்தில் மைக்கோடு முருகலட்சுமி. மதார் மைதீன் கடையில் மிக்சர் பாக்கெட்டுகளை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் புத்தகத்தை விரித்து, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். துபாய் இங்கிலீஷ் மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும்.

"ஒங்க பேரு போட்டிருக்குக்கா. நீங்க சொன்னதாப் போட்டிருக்கு. 'பெரியவர்கள் மேலேயிருந்து இறங்கி எங்களிடம் வர வேண்டும். எங்களிடம் யாரும் வருவதில்லை. எங்களுக்கு வருகை வேண்டும். முதலில் வருகை, மற்றதெல்லாம் பிறகு.'"

"வருகையா?"

"வருகை. ஆளுக வர்றது. விருந்தாளி. விசிட்டு."

முருகலட்சுமிக்கு மெதுவாக, வாய்க்காலில் முதல் தண்ணீர் மண்ணை நனைத்து நனைத்து முன்னேறுகிற மாதிரி, விளங்கியது. வரத்து. வருவது. போக்குவரத்தில் இருக்கிற அதே வரத்து.

மைதீன் மேலும் வாசித்தார். கூத்தனேந்தல் பெண் தலைவியின் குரல் உலகத்தின் மனசாட்சியை உலுக்கிவிட்டதாம். இதுவரை பன்னாட்டு நிறுவனங்கள் மக்களிடம் வராததே எல்லாக் கோளாறுக்கும் வேர் என்று ஆணையம் கண்டுபிடித்ததாம். ஆகவே சீர்திருத்தத்தின் முதல் படியாக, மக்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த இடத்தில், வருசத்துக்கு நாலு தடவை பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு மண்டபம்.

"கேட்டு?" என்றார் பால்ச்சாமி.

"கேட்டுட்டுப் போவாங்க மாமா. கேக்குறதுதான் சீர்திருத்தம்."

முருகலட்சுமி போனை எடுத்து ராம்குமாரை அழைத்தாள். மீட்டிங்கில் இருப்பதாக அதுவே செய்தி அனுப்பியது. மறுநாளும் மீட்டிங். அதற்கடுத்த நாள் விமானத்தில். சங்கம் கூடி ஆணையத்துக்குக் கடிதம் எழுதியது. 'இது மண்டபம் கட்டும் இடமல்ல, தண்ணீர் வரும் பாதை. உடனே நிறுத்த வேண்டும்' என்று பச்சைத் தமிழில், முப்பத்தெட்டுக் கையெழுத்தோடு. இருபது நாளில் பதில் வந்துவிட்டது. 'உங்கள் உற்சாகமான கடிதத்துக்கு நன்றி. மண்டபத்தின் மீது நீங்கள் காட்டும் அக்கறை எங்களை நெகிழ வைக்கிறது.' ஆணையத்துக்கு வருகிற தமிழ்க் கடிதங்களை இங்கிலீஷில் மாற்றிக் கொடுப்பவர் கள ஒருங்கிணைப்பாளர் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது.

அதற்குள் தளம் போட்டுவிட்டார்கள்.

ஊர் தலைவியிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. நேராகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. டீக்கடையில் சீனிச்சாமி, அவள் காதில் விழுகிற தூரம் பார்த்து, "அண்ணன் மகனுக்கு வேலை நிலைக்கணும்ல? அதுக்கு ஊரு வாய்க்கால எழுதிக் குடுத்தா என்ன தப்பு?" என்றார். குலவை போட்ட முத்துத்தாய் எதிரே வந்தவள் வேலியோரமாக ஒதுங்கிப் போனாள். அவளுக்கும் கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் இருந்தது.

புரட்டாசியில் திறப்பு விழா. முந்தின நாள் மத்தியானம் ராம்குமார் வந்தான். நேராக அத்தை வீட்டுக்குத்தான் வந்தான். வெங்காயத் தோசையும் கருவாட்டுக் குழம்பும் அவனுக்குப் பிடிக்கும். முருகலட்சுமி சுட்டுப் போட்டாள். சாப்பாட்டில் கை வைத்தவனிடம் சண்டை போடக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நான்கு தோசை. ஐந்தாவதை வேண்டாம் என்றான்.

"நீச்சல் எங்கடா பழகுன?" என்றாள்.

"என்னத்த இது. கம்மாயிலதான்."

"கம்மாய்க்குத் தண்ணி எது வழியா வந்துச்சு?"

ராம்குமார் தட்டிலேயே கை கழுவினான்.

"வரத்துன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாதா மருமகனே? பட்டணத்துல இருந்து இருந்து மறந்துபோச்சா? மறந்துபோச்சுன்னு சொல்லு, நம்புறேன்."

அவன் மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யை அவள் ஏந்திக்கொள்ளத் தயாராக இருந்தாள். சேலைத் தலைப்பை விரித்து வைத்தது போல மனதை விரித்து வைத்திருந்தாள்.

"தெரியும் அத்த," என்றான். "தெரிஞ்சுதான் சொன்னேன். நான் சொல்றதக் கேளுங்க. அந்த ஆணையத்துக்குக் கால்வாய் வெட்டுற வேலை கிடையாது. அவங்க சீர்திருத்துறது நிறுவனங்கள. தண்ணி, வாய்க்கால்னு சொல்லியிருந்தா 'இது எங்க வரம்புல வராது'ன்னு எழுதி வச்சுட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பாங்க. அவங்களுக்கு எது புரியுமோ அப்படித்தான் சொல்ல முடியும். வரத்துன்னா வருகைன்னும் அர்த்தம் இருக்குல்ல? நான் ஒண்ணும் பொய் சொல்லலையே."

"எடம்? அந்த சர்வே நம்பரு?"

"அது நீங்க சொன்னதுதான்."

"வாய்க்கால்ல கட்டடம் கட்டுவாகன்னு ஒனக்குத் தெரியும்."

"பெறகு தெரிஞ்சது. அதுக்குள்ள பைல் மேல போயிருச்சு. மேல போனது கீழ வராது அத்த." அவனே சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்ட மாதிரி நிறுத்தினான். "அடுத்த கட்டத்துல மண்டபத்துக்கு அடியில ஒரு குழாய் போடச் சொல்லி எழுதியிருக்கேன். என்னைய இப்ப வட்டார இயக்குநராப் போட்டிருக்காங்க. என் வார்த்தைக்கு இனிமே மதிப்பு இருக்கும்."

"எந்த வேலைக்குடா மதிப்புக் குடுத்தாக?"

"கூத்தனேந்தல்தான் அவங்களுக்கு வெற்றிக் கதை அத்த. கேட்டதைக் கேட்டபடி குடுத்த ஒரே ஊரு."

பால்ச்சாமி அதுவரை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே வந்து, "தோசை போதுமா மாப்ள?" என்று கேட்டார். ராம்குமார் தலையாட்டினான். "அப்பச் சரி," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் பிள்ளைகள் தங்கள் தட்டைத் தாங்களே எடுப்பார்கள், விருந்தாளியின் தட்டைத்தான் வீட்டுக்காரர் எடுப்பார் என்று பின்னால் மைதீன் சொன்னார். இனிமேல் நீ எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, விருந்தாளி என்பதை அதற்கு மேல் தெளிவாக மொழிபெயர்க்க முடியாது.

திறப்பு விழாவுக்குப் போகக் கூடாது என்றார் மைதீன். போனால்தான் ஆகும் என்றாள் முருகலட்சுமி. ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இவன் வாய் வழியாக இனி ஒரு சொல்லும் போகக் கூடாது. வாயே தேவைப்படாதபடி சொல்ல வேண்டும்.

மண்டபம் நன்றாகத்தான் இருந்தது. கரைக்குக் கரை அடைத்துக்கொண்டு, வெள்ளையடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, நாலடி உயர மேடைமேல் நின்றது. உள்ளே வட்டமாக நாற்பது நாற்காலிகள். வட்டத்தில் உட்கார்ந்தால் மேலே கீழே கிடையாதாம். இங்கிரிட் அம்மாள் கைத்தறிச் சேலை கட்டி வந்திருந்தார். தலைவி பேச வேண்டும் என்று மைக் நீட்டினார்கள்.

முருகலட்சுமி மைக்கை வாங்கவில்லை. நிறைகுடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி, மேலக்கண்மாய்ப் பக்கம் போனாள். இங்கிரிட்டைப் பார்த்து, வாங்க என்று கையால் கூப்பிட்டாள். கூட்டம் பின்னால் வந்தது. கால்வாயின் நடுவில் நின்று மேலே மேலக்கண்மாயைக் கை காட்டினாள். கீழே தங்கள் கண்மாயைக் கை காட்டினாள். பிறகு குடத்தைச் சாய்த்தாள்.

தண்ணீர் சரிவில் ஓடியது. கரிசல் மண் குடித்தது போக மிச்சம் ஒரு கோடாக நீண்டு, மண்டபத்தின் அடிச்சுவரில் போய் முட்டி, நின்று, தேங்கியது. முருகலட்சுமி சுவரைத் தட்டிக் காட்டினாள். தேங்கிய தண்ணீரைக் காட்டினாள். இதைவிட எளிமையாக ஒரு பச்சைப் பிள்ளைக்குக்கூடச் சொல்ல முடியாது.

இங்கிரிட் குனிந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. சுவரைப் பார்த்தார், மேலே திரும்பி வாய்க்காலின் தடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ வரத் தொடங்கியது. அந்த அம்மாள் ராம்குமார் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

ராம்குமார் அத்தையைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். தழும்பு இருக்கிற இடத்தில் அவனுக்கு வியர்த்திருந்தது. பிறகு இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் சொன்னான்.

இங்கிரிட்டின் புருவம் நேராகிவிட்டது. முகம் மலர்ந்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்.

"என்ன தம்பி சொன்னான்?" என்றாள் முருகலட்சுமி.

மதார் மைதீன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "புதுக் கட்டடத்துக்குத் தண்ணி விட்டு ஆசீர்வாதம் பண்றது இந்த ஊருப் பொம்பளைகளோட பழைய வழக்கமாம்க்கா."

சொல்லிவிட்டு, பொறுக்க மாட்டாமல் அவரே முன்னால் பாய்ந்தார். "மேடம்! வாட்டர்! வாட்டர் நோ கமிங்! திஸ் மண்டபம், வாட்டர் நோ!"

இங்கிரிட் அம்மாளுக்கு மனசு உருகிவிட்டது. மண்டபத்தில் குடிதண்ணீர் வைக்க மறந்துவிட்டார்களே என்று தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் தானே திறந்து, மைதீன் கையில் கொடுத்தார். மைதீன் அதை வாங்கிக்கொண்டு, குடிப்பதா கீழே ஊற்றுவதா என்று தெரியாமல் நின்றார். போட்டோக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த புத்தகத்துக்கு அட்டை கிடைத்துவிட்டது.

அதோடு முடியவில்லை. இங்கிரிட் இன்னொரு குடம் கேட்டார். யாரோ கொடுத்தார்கள். வழக்கப்படி அவரும் சரிவில் தண்ணீரை ஊற்றினார். அந்தத் தண்ணீரும் நேராக ஓடி, முட்டி, நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் ஊர்க்காரர்களிலும் சிலர் தட்டிவிட்டார்கள்.

ஐப்பசி இரண்டாம் வாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில், மேலக்கண்மாய் மறுகால் விழுந்துவிட்டது என்று, கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடுகிற பையன் காளீஸ்வரன் பைக்கில் வந்து சொன்னான். முருகலட்சுமியும் பால்ச்சாமியும் மைதீனும் மண்வெட்டியோடு வரத்துக்காலுக்குப் போனார்கள். முத்துத்தாயும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஜேசிபி சுத்தம் செய்த அந்த அறுபதடியில் தண்ணீர் எவ்வளவு அழகாக வந்தது என்று சொல்ல வேண்டும். செம்பழுப்பு நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, ஏழு வருசத்தில் பார்க்காத வேகத்தில் வந்தது. மண்டபத்தில் முட்டியது. ஒரு சுற்றுச் சுற்றியது. கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு எழும்பவில்லை. வலது கரையை அரித்து, உடைத்து, பக்கத்துக் கருவைக்காட்டுக்குள் இறங்கிவிட்டது. நான்கு பேரும் உடைப்பில் மண் போட்டார்கள். போட்ட மண்ணையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் போயிற்று.

அப்போது போன் அடித்தது. ராம்குமார். மழை இரைச்சலில் அவன் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"அத்த, மகிழ்ச்சியான சேதி! தை மாசம் வெளிநாட்டுல பெரிய மாநாடு. நூத்துப் பத்து நாட்டுக்காரங்க வாராங்க. சீர்திருத்தத்தைப் பத்தித் தீர்மானம் போடப் போறாங்க. இங்கிரிட் மேடம் ஒங்கள நேர்ல வந்து பேசணும்னு கேட்டிருக்காங்க. ஒங்க நாலு வாக்கியத்தை அங்க வந்து அப்படியே சொன்னாப் போதும். பாஸ்போர்ட்டுக்கு நான் பாத்துக்கிறேன். கூட நானே வந்து மொழிபெயர்ப்பேன். என்ன அத்த, வாரீகளா? வாரீகன்னு சொல்லிரவா?"

முருகலட்சுமி கருவைக்காட்டைப் பார்த்தாள். முட்களுக்கு நடுவில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. இந்த வருசம் கருவைக்கு நல்ல வெள்ளாமை.

"வரத்து இல்லைன்னு சொல்லிருடா," என்றாள். "இந்தத் தடவ நீ என்னா அர்த்தம் வச்சாலும் எனக்குச் சம்மதம்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு முந்தியில் முடிந்திருந்த சங்க அலுவலகச் சாவியை அவிழ்த்தாள். முத்துத்தாயின் கையில் அதை வைத்துவிட்டு, கரையேறி நடந்தாள். மண்டபத்துக்குள் நாற்பது நாற்காலியும் வட்டமாக உட்கார்ந்து, சொட்டு நனையாமல், கேட்டுக்கொண்டிருந்தன.